சித்தப்பு பதில்கள்: முட்டை எங்கே, மொட்டை அங்கே!

தபால் பையைப் பிரித்தால் இந்த முறை முக்கால்வாசிக் கடிதம் புழு, பூச்சி, முட்டை. புதுக்கோட்டை மாவட்டமே தோப்புக்குள் நின்று பேனா பிடித்த மாதிரி இருக்கிறது. சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்தருள்க. உங்கள் நாயகனுக்கு இறக்கை முளைத்தால் அடுத்த இதழில் இடம் உண்டு.

கே: சித்தப்பு, என் தோப்பில் முந்நூறு தேக்கு. அதில் நாலு மரம் மட்டும் மொட்டை. மற்றதெல்லாம் பச்சைப் பசேல். இது புழுவா, செய்வினையா?
(தேக்குத் தோப்புக்காரர், கந்தர்வகோட்டை)

ப: செய்வினை வைக்கிறவன் நாலோடு நிறுத்த மாட்டான், முந்நூறுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குவான். இது தேக்கு இலைப்புழு. விஞ்ஞானப் பெயர் ஹிப்ளேயா பியூரா. தாய்ப்பூச்சிக்கு முற்றின இலை ஆகாது, இளந்தளிர் வேண்டும். அந்த நாலு மரம் மற்றவற்றுக்கு முன்னால் துளிர்த்திருக்கும். முந்திரிக்கொட்டைத்தனம் மரத்துக்கும் ஆகாது, அப்பு.

கே: எங்கள் வாய்க்கால் கரைத் தேக்கில் இலை போகவில்லை. ஆனால் சல்லடையாக நரம்பு மட்டும் நிற்கிறது. அதே புழுதானே?
(கரையோரம் நடப்பவர், அறந்தாங்கி)

ப: இல்லை, இவன் வேறு. பெயர் யூடெக்டோனா மேக்கரேலிஸ். முற்றின இலையில் பச்சையை மட்டும் சுரண்டுவான், நரம்பில் கை வைக்க மாட்டான். பருவத்தின் கடைசியில் வருவான். முன்னவன் இளந்தளிரைப் பெரிய நரம்பு தவிர முழுசாக முடிப்பான். புகார் எழுதும்போது ஆளை மாற்றி எழுதிவிடாதீர்கள்.

கே: ஒரு பூச்சி எத்தனை முட்டை போடும்?
(கோழிப் பண்ணைக்காரர், புதுக்கோட்டை)

ப: தேக்குப் பூச்சிக்கு ஐந்நூறு சாதாரணம். கெட்டிக்காரி ஆயிரத்தை எட்டுவாள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். இளம் இலையின் அடிப்பக்கம், நரம்பை ஒட்டி, ஒன்றொன்றாக வைப்பாள். இரண்டு நாளில் பொரிந்துவிடும். உங்கள் கோழிக்கு இருபத்தொரு நாள், கரண்ட் பில் தனி.

கே: அந்த முட்டை சைவமா, அசைவமா?
(குசும்பன், பொன்னமராவதி)

ப: இடுகிறவள் சைவம். பொரிந்து வருவதும் சுத்த சைவம். அதுதானே பிரச்சினை!

கே: அடிப்பக்கத்தில் ஏன் ஒளித்து வைக்க வேண்டும்?
(ஏழாம் வகுப்பு, திருமயம்)

ப: மேல்பக்கம் வெயில், மழை, பறவையின் கண். கீழ்ப்பக்கம் நிழல், ஈரம், நிம்மதி. அதோடு மனுசன் அடிக்கிற மருந்து பெரும்பாலும் மேல்பக்கம்தான் விழும். பூச்சி பள்ளிக்கூடம் போகவில்லை, தங்கம். ஆனாலும் பாஸ்.

கே: தேக்குப் புழுவை யார் ஆராய்ந்தார்கள்? பரீட்சைக்கு உதவும்.
(போட்டித் தேர்வுக்காரர், ஆலங்குடி)

ப: கூடலூர் மலை இறங்கினால் நிலம்பூர். 1840களில் மலபார் கலெக்டர் கனோலியும் அவருக்குக் கீழே சாத்து மேனனும் தேக்குத் தோட்டம் போட்ட ஊர். கப்பலுக்கு மரம் வேண்டும் என்று வெள்ளைக்காரன் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே மரத்தை நட்டான். புழுவுக்குப் பத்திரிகை அடித்தது அன்றைக்குத்தான்.

பிறகு திருச்சூர்ப் பக்கம் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கே.எஸ்.எஸ். நாயர் குழுவினர் வருசக்கணக்காக அந்தப் புழுவின் பின்னால் அலைந்தார்கள். நிலம்பூர், பீச்சி, நாயர் மூன்றையும் மனப்பாடம் செய்யுங்கள். வேலை கிடைக்காவிட்டாலும் தேக்கு பிழைக்கும்.

கே: அலைந்து என்ன கண்டார்கள்?
(அதே ஆள், ஆலங்குடி)

ப: விடமாட்டீர்கள் போல. சொல்கிறேன், இதுதான் இந்த வாரத்துச் சரக்கு.

காடு ஒரே நாளில் மொட்டையாவதில்லை. கோடை மழை விழுந்து தேக்கு துளிர்க்கிற நேரத்தில், ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குள்ளே அங்கொன்று இங்கொன்றாகச் சில திட்டுகளில் மட்டும் முதல் முட்டை விழுகிறது. ஒரு திட்டு அரை ஹெக்டேர் முதல் ஒன்றரை ஹெக்டேர் வரை. நம்ம கணக்கில் ஒன்றேகால் ஏக்கரிலிருந்து மூன்றே முக்கால் ஏக்கர். ஒரு திட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே நல்ல தூரம்.

ஏறத்தாழ மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை முடியும். தின்று தீர்த்த இடத்தில் அடுத்த பிள்ளைகளுக்குத் தளிர் ஏது? எனவே புதுப் பூச்சிகள் கூட்டமாகக் கிளம்பி வேறு தளிரைத் தேடிப் போகின்றன. பெரிய படையெடுப்பு அந்தச் சின்னத் திட்டுகளிலிருந்துதான் கிளம்புகிறது என்பது அவர்கள் கணிப்பு.

ஆக, முதல் திட்டைப் பிடித்தால் மூன்றே முக்கால் ஏக்கரோடு வேலை முடிந்தது. விட்டால் மலையைச் சுற்ற வேண்டும். ஒரே ஒரு சிக்கல். மனு எழுதி, முத்திரை குத்தி, மேலிடத்துக்கு அனுப்பி, அனுமதி வருவதற்குள் புழு கூட்டுப்புழுவாகி, பூச்சியாகி, பேரன் பேத்தி எடுத்திருக்கும்.

கே: அந்த முதல் பூச்சிகள் எங்கிருந்து வந்து இறங்குகின்றன?
(சந்தேகப் பிராணி, விராலிமலை)

ப: இதில் இரண்டு கட்சி. பக்கத்துக் காட்டில் அடக்கமாக இருந்தவைதான் பெருகுகின்றன என்பது ஒன்று. பருவக்காற்றோடு தூரத்திலிருந்து வந்து இறங்குகின்றன என்பது இன்னொன்று. ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எந்தக் கட்சிக்கும் டெபாசிட் போகவில்லை.

கே: முட்டைகள் கும்பலாகக் கிடக்கின்றனவா, பரவிக் கிடக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துச் சொன்னால் போதாதா? கணக்கு எதற்கு?
(புள்ளியியல் மாணவி, மன்னர் கல்லூரி)

ப: புள்ளியியல் படித்துக்கொண்டே புள்ளியியல் எதற்கு என்கிறாய். உன்னைப் பிடித்திருக்கிறது, தாயி.

பத்து மரம், மொத்தம் முப்பது முட்டை. சராசரி மரத்துக்கு மூன்று. ஒவ்வொரு மரத்திலும் மூன்று இருந்தாலும் சராசரி மூன்றுதான். ஒரே மரத்தில் முப்பதும் இருந்து மற்ற ஒன்பதும் காலி என்றாலும் சராசரி மூன்றுதான். தனிநபர் வருமானம் என்று பேப்பரில் போடுகிறார்களே, அதே சங்கதி.

எனவே மாறுபாட்டைக் கணக்கிட்டு, அதைச் சராசரியால் வகு. விடை 1-ஐ ஒட்டி வந்தால் பூச்சி கண்ணை மூடிக்கொண்டு இட்டிருக்கிறது. 1-க்குக் கீழே போனால் அளந்து வைத்தது போல் சீராக. 1-க்கு மேலே போனால் கும்பல். நம்ம முதல் உதாரணத்தில் மாறுபாடு சுழி, விடையும் சுழி. இரண்டாவதில் மாறுபாடு 90, வகுத்தால் 30. முப்பது வந்தால் வாத்தியாரிடம் காட்டாதே, நேரே அந்த ஒற்றை மரத்துக்கு ஓடு.

கே: விடை 1 என்றால் ‘பாய்சான்’ என்கிறார்களே, பாய்சன் அடிக்க வேண்டுமா?
(மருந்துக் கடை, கீரனூர்)

ப: வியாபாரத்திலேயே கண்! அவர் பிரெஞ்சுக் கணிதர். அவருடைய சூத்திரத்துக்குப் பேர்போன உதாரணம் 1898-ல் வந்தது. போர்ட்கியேவிச் என்பவர் பிரஷ்யக் குதிரைப் படையில் குதிரை உதைத்துச் செத்த வீரர்களைக் கணக்கெடுத்தார். எந்தப் படைப்பிரிவில் எத்தனை சாவு என்பது பாய்சான் சொன்னபடியே வந்தது. குதிரை ஆள் பார்த்து உதைக்கவில்லை என்று அர்த்தம். அந்துப்பூச்சி அப்படியல்ல, ஆள் பார்த்துத்தான் இடும்.

கே: எல்லாப் பூச்சிக்கும் இந்தக் கும்பல் கணக்கு பொருந்துமா?
(புள்ளியியல் மாணவியின் தோழி, அதே கல்லூரி)

ப: இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்து எல்.ஆர். டெய்லர் 1961-ல் பல உயிர்களின் எண்ணிக்கையைப் போட்டுப் பார்த்தார். சராசரி ஏற ஏற, மாறுபாடு ஓர் அடுக்கு விதிப்படி ஏறியது. பெரும்பாலானவை கும்பல் கட்சிதான். கும்பலில் சேராமல் இருப்பது மனுசனுக்கு மட்டுமல்ல, புழுவுக்கும் கஷ்டம்.

கே: அப்படியானால் தோப்பில் எந்த மரத்தைப் பார்ப்பது? எல்லாவற்றிலும் ஏற முடியுமா?
(மூட்டு வலிக்காரர், இலுப்பூர்)

ப: ஏற வேண்டாம். நடங்கள். வரப்போரம் சில மரம், நடுவில் சில மரம், தனியாக முன்னால் துளிர்த்த மரம். நேர்கோட்டில் போகாமல் வளைந்து வளைந்து போங்கள். காலடியிலும் பாருங்கள், பச்சை எச்சம் பொடிப்பொடியாகக் கிடந்தால் மேலே பந்தி நடக்கிறது. வாசலில் நிற்கிற முதல் மரத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்று திரும்புவது அதிகாரிகளுக்கே உரிய முறை. அதை அவர்களிடமிருந்து பறிக்காதீர்கள்.

கே: டிரோன் விட்டால் முட்டை தெரியாதா?
(டிரோன் தம்பி, கறம்பக்குடி)

ப: ஒரு மில்லிமீட்டர் முட்டை, இலைக்கு அடியில். டிரோன் மேலே. மொட்டையான பிறகு பளிச்சென்று தெரியும், கவலைப்படாதே. அதற்கு டிரோன் இல்லாமல் மாடியே போதும்.

கே: மொட்டையானாலும் தேக்கு மறுபடி துளிர்க்கிறதே, என்ன நஷ்டம்?
(பதறாதவர், அன்னவாசல்)

ப: உயிர் போகாது, கனம் போகும். நிலம்பூரில் இளந்தேக்குத் தோட்டத்தில் மருந்தடித்துக் காத்த மரத்தையும் புழுவுக்கு விட்ட மரத்தையும் ஒப்பிட்டார்கள். 1985-ல் வெளியான முடிவு: புழு தின்றதால் வளர வேண்டிய கன அளவில் 44 சதவீதம் போச்சு. மகள் கல்யாணத்துக்கு வெட்டலாம் என்று வைத்த மரம், பேத்தி கல்யாணத்துக்குத்தான் பருக்கும்.

கே: எங்கள் வீட்டு முருங்கையில் கம்பளிப்பூச்சி அடையாக ஒட்டிக் கிடக்கிறது. இது ஏன் தேக்குப் பூச்சி போல ஒன்றொன்றாக வைக்கவில்லை?
(முருங்கை வீட்டுக்காரம்மா, கீரமங்கலம்)

ப: இந்தத் தாய்க்குக் கூட்டுக்குடும்பம் பிடிக்கும். தளிரிலும் இளந்தண்டிலும் கொத்தாக வைப்பாள். பிள்ளைகள் பொரிந்ததும் ஒன்றாகவே தின்று, ஒன்றாகவே தண்டில் அப்பிக்கொள்ளும். நமக்கு அதுதான் வசதி. தேக்கில் ஐந்நூறு இலை தேட வேண்டும், இங்கே நீளக் கம்பில் ஒரு பந்தம் போதும். பட்டை கருகாமல் காட்டுங்கள். அந்த மரத்தில் ஏறின வேதாளத்தைக்கூட விக்கிரமாதித்தன் தோளில் சுமந்தான். பூச்சிக்குப் பயந்து மரத்தையே வெட்டுகிறவர்களை எந்தக் கதையில் சேர்ப்பது?

கே: கொத்தாக இடுவது புத்திசாலித்தனமா, பிரித்து இடுவது புத்திசாலித்தனமா?
(பட்டிமன்றப் பிரியை, புதுக்கோட்டை)

ப: கொத்தாக இட்டால் குட்டிப் புழுக்கள் சேர்ந்து கடினமான இலையையும் சுரண்டும், ரோமத்தைச் சிலிர்த்துப் பறவையை மிரட்டும். ஆனால் ஒட்டுண்ணிக் குளவி ஒன்று கண்டுபிடித்தால் வம்சமே காலி. பிரித்து இட்டால் ஒன்று போனாலும் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது மிச்சம், ஆனால் தாய்க்கு அலைச்சல். தீர்ப்பு: இறக்கையில் பலம் உள்ளவள் பிரிக்கட்டும், ரோமம் உள்ள பிள்ளை பெறுகிறவள் சேர்க்கட்டும். நடுவருக்குப் பொன்னாடை வேண்டாம், பணமாகவே அனுப்பவும்.

கே: கம்பளிப்பூச்சி கையில் பட்டுவிட்டது. தேய்க்கத் தேய்க்க அரிப்பு கூடுகிறது.
(அவசரக்காரன், வடகாடு)

ப: தேய்க்காதே. ஒட்டுகிற டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரி, ரோமம் வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவு. கண்ணில் பட்டாலோ மூச்சுத் திணறினாலோ ஆஸ்பத்திரிக்குப் போ. சித்தப்புவுக்குக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்காதே, இது வாரப் பத்திரிகை.

கே: மானாவாரிக் கடலையில் சிவப்புக் கம்பளிப்புழு. நேற்றுவரை இல்லை, மழை பெய்ததும் எங்கிருந்து முளைத்தது?
(கடலைக்காரர், ஆலங்குடி)

ப: உங்கள் காலடியில்தான் இருந்தது. வரப்போரமும் மர நிழலிலும் மண்ணுக்குள்ளே கூட்டுப்புழுவாகப் பத்து மாதம் போலத் தூக்கம். நல்ல மழை ஒன்று மண்ணை நனைத்தால் எழுந்து வந்து, இரவில் ஜோடி சேர்ந்து, இலைக்கு அடியில் நூற்றுக்கணக்கில் கொத்தாக இட்டுவிடும். அந்தக் கொத்து உள்ள இலையைக் கிள்ளி அழிப்பது மருந்தைவிட மலிவு.

இரவில் விளக்குப் பொறியோ, தீ மூட்டமோ வையுங்கள். ஆனால் ஊரே சேர்ந்து அதே வாரத்தில் வைக்க வேண்டும். நீங்கள் மட்டும் வைத்தால் பக்கத்து வயல் பூச்சிக்கும் சேர்த்து நீங்கள் விளக்கேற்றிய புண்ணியம். வேண்டியது ஒற்றுமை, அது எந்த உரக்கடையிலும் ஸ்டாக் இல்லை.

கே: கோடை உழவு இதற்கு உதவுமா?
(டிராக்டர்க்காரர், கறம்பக்குடி)

ப: உதவும். கூட்டுப்புழு மேலே வரும். வெயில் பாதி, கொக்கும் மைனாவும் மீதி. வாடகையைப் பறவைகளிடம் கேட்காதீர்கள்.

கே: கடலையில் இன்னொரு புழு, புரொடீனியா. அதன் முட்டைக் கொத்துக்கு மேல் பஞ்சு மாதிரி என்னவோ இருக்கிறதே?
(வேளாண் டிப்ளமோ, குடுமியான்மலை)

ப: தாயின் வயிற்று ரோமம். தன் ரோமத்தை உதிர்த்துப் பிள்ளைக்குப் போர்த்துகிறாள். கேட்கவே உருகுகிறதா? உருகாதே. வரப்பில் ஆமணக்கு ஊன்று. கடலையைவிட அவளுக்கு அது பிடிக்கும், அங்கே போய் இடுவாள், நீ போய் அந்த இலையைக் கிள்ளு. பாசக்காரியைப் பிடிக்க இதைவிட மோசமான வழி இல்லை, இதைவிட நல்ல வழியும் இல்லை.

கே: முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டச் சொல்கிறார்கள். அட்டையில் என்னதான் இருக்கிறது?
(இயற்கை விவசாயி, திருவரங்குளம்)

ப: டிரைக்கோகிரம்மா. தூசி அளவே உள்ள குளவி. ஒரு சிசி அட்டையில் ஏறத்தாழ இருபதாயிரம் முட்டைகள், அத்தனைக்குள்ளும் குளவிக் குஞ்சு. வெளியே வந்ததும் வயலில் அந்துப்பூச்சி முட்டையைத் தேடி, அதற்குள் தன் முட்டையை இடும். முட்டைக்குள் முட்டை. ஆனால் புரொடீனியா ரோமம் போர்த்தியிருக்கிறாளே, அங்கே இந்தக் குளவிக்கு நுழைவது சிரமம். பாசம் சில நேரம் ஜெயிக்கும்.

கே: தெருவிளக்கை அந்துப்பூச்சி ஏன் காதலிக்கிறது?
(கவிஞர், அறந்தாங்கி)

ப: காதலாவது கத்திரிக்காயாவது. 2024-ல் வெளியான ஆய்வு உங்கள் கவிதையைக் கெடுத்துவிட்டது. பறக்கும் பூச்சி தன் முதுகை எப்போதும் வெளிச்சத்தின் பக்கம் வைத்துக்கொள்ளும். வானம் மட்டுமே வெளிச்சமாக இருந்த காலத்தில் அதுதான் தலைகீழாகாமல் பறக்க வழி. பக்கவாட்டில் பல்பு எரிந்தால் முதுகை அங்கே திருப்பித் திருப்பிச் சுற்றுகிறது. அது மயக்கம் அல்ல, ஸ்டியரிங் கோளாறு.

கே: இனக்கவர்ச்சிப் பொறி வைத்தேன். டப்பா நிறையப் பூச்சி. வயலில் முட்டை குறையவில்லையே?
(ஏமாந்தவர், அரிமளம்)

ப: டப்பாவில் இருப்பது முழுக்க ஆண்கள். பெண் வாசனைக்கு ஓடி வந்தவர்கள். பிரான்சில் ஃபாப்ர் என்ற பூச்சி ஆய்வாளர் மயில் அந்துப்பூச்சிப் பெண் ஒன்றைக் கூண்டில் வைத்தார். முதல் இரவே நாற்பது போல ஆண்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். அந்த வாசனை இன்னதென்று 1959-ல் பட்டுப்பூச்சியிலிருந்து பிரித்துக் காட்டியவர் ஜெர்மனியின் பூட்டெனாண்ட்.

பொறி ‘பூச்சி வந்துவிட்டது’ என்று சொல்லும், ‘முட்டை எங்கே’ என்று சொல்லாது. ஓர் ஆண் தப்பினாலும் பல பெண்களுக்குப் போதும். மாப்பிள்ளை வீட்டாரைக் கைது செய்தால் பிரசவம் நிற்காது.

கே: எங்கள் மாவட்டம் முழுக்கத் தைலமரம். அதில் ஏன் புழு இல்லை?
(தண்ணீர் இல்லாதவர், கந்தர்வகோட்டை)

ப: மாவட்டம் பிறந்தது 1974. தைலமரம் வளர்க்கும் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் பிறந்ததும் அதே 1974. ஜாதகப் பொருத்தம் அப்படி. தைலமரம் ஆஸ்திரேலியா, உள்ளூர்ப் புழுவுக்கு அந்த நெடி அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் தாய்நாட்டுச் சொந்தம் தேடி வந்துவிட்டது. லெப்டோசைப் இன்வேசா என்ற குட்டிக் குளவி. இளம் இலையின் நடுநரம்பிலும் காம்பிலும் முட்டையிடும், அங்கே முடிச்சு முடிச்சாக வீங்கும். பெரும்பாலும் பெண்கள்தான், ஆண் துணை இல்லாமலே வம்சம் வளர்க்கிறார்கள். பொறி வைத்து யாரை ஏமாற்றுவது?

கே: அய்யனார் கோயில் காட்டில் மட்டும் மரங்கள் மொட்டையாவதில்லை. சாமி சக்திதானே?
(பக்தர், குளமங்கலம்)

ப: சாமி இருக்கட்டும், காட்டைப் பாருங்கள். வீரை, உலக்கைப் பாலை, காரை, சூரை என்று கலந்து கட்டி நிற்கிறது. ஒரே இலையைத் தேடும் தாய்ப்பூச்சிக்கு ஒரு மரத்திலிருந்து அடுத்த தன் மரத்தைக் கண்டுபிடிக்கவே பாதி ராத்திரி போய்விடும். ஒரே பயிர் அடர்ந்த இடத்தில்தான் அதை மட்டும் தின்னும் பூச்சி வந்து தங்கும் என்று அமெரிக்காவின் ரிச்சர்ட் ரூட் 1973-ல் எழுதினார். அய்யனார் அதற்கு ரொம்ப முன்னாலேயே ‘வெட்டாதே’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் குதிரையில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கே: என் தேக்கைச் சுற்றி வேறு மரம் வேலியாக வைத்தால் பூச்சி ஏமாறுமா?
(தந்திரசாலி, மணமேல்குடி)

ப: தேக்கைப் பற்றி ஆதாரம் இல்லாமல் வாய் திறக்க மாட்டேன். பிரான்சில் பைன் மரத்துக்கு நடந்திருக்கிறது. அங்கே ஊர்வலப் புழு என்று ஒன்று, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகும். அதன் தாய், காட்டின் ஓரத்தில் வானத்தை நோக்கித் தலைதூக்கி நிற்கும் பைனைத் தேர்ந்து, ஊசியிலையைச் சுற்றி உருளையாக முட்டையை ஒட்டுவாள். பைனுக்கு முன்னால் அகல இலை மரங்களை வேலியாக நிறுத்தினார்கள். பின்னால் நின்ற பைனில் புழுக்கூடு குறைந்தது. கண்ணில் படாதவன் கடன்காரனிடமிருந்து தப்பிக்கிறான், பைனும் தப்பித்தது.

கே: தேக்குப் புழு கடல் பக்கம் வராது என்ற தைரியத்தில் இருக்கிறோம்.
(படகுக்காரர், முத்துக்குடா)

ப: அவசரப்படாதீர்கள். மும்பைப் பக்கத்துக் கழிமுகத்தில் வெண்கண்டல் மரங்களை இதே ஹிப்ளேயா மொட்டையடித்ததாகப் பதிவு இருக்கிறது. தேக்கையும் வெண்கண்டலையும் தாவரவியலார் முன்பு ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள், பிறகு பிரித்துவிட்டார்கள். பாகப்பிரிவினை நடந்த சேதி பூச்சிக்கு எட்டவில்லை.

கே: விராலிமலை மயில்களைத் தோப்பில் விட்டால் புழுவைத் தின்னாதா?
(முருக பக்தர், மணப்பாறைச் சாலை)

ப: தின்னும். அப்படியே கடலை, சோளம், மிளகாய் நாற்று எல்லாம் ருசி பார்க்கும். புழுவுக்காவது மருந்து உண்டு. மயிலைத் தொட்டால் வனத்துறை வரும்.

கே: ரசாயனம் இல்லாமல் தேக்குப் புழுவைக் கொல்ல வழி?
(இயற்கை விவசாயி மறுபடியும், திருவரங்குளம்)

ப: வைரஸ். பருத்தி, கடலைக்காரர்களுக்கு என்பிவி தெரியும். தேக்குப் புழுவுக்கென்றே ஒரு என்பிவி உண்டு, பீச்சிக்காரர்கள் அதை வளர்த்துத் தெளித்துப் பார்த்தவர்கள். தின்ற புழு மூன்று நாள் போலத் தாங்கும், பிறகு தலைகீழாகத் தொங்கி, உடல் கரைந்து, கீழே இருக்கும் இலைக்கும் நோயைச் சொட்டும். குட்டிப் புழுவாக இருக்கும்போதே தெளிக்க வேண்டும், சாயங்காலமாக. வெயில் அந்த வைரஸைக் கொன்றுவிடும். அதாவது முட்டை எங்கே விழுந்தது என்று முன்னமே தெரிந்தவருக்குத்தான் இதுவும் பலிக்கும். தெரியாதவருக்கு மருந்தும் ஒன்று, மந்திரமும் ஒன்று.

கே: தாய்க்கு எல்லாம் தெரியும், சரியான இலையில்தான் இடும் என்கிறீர்கள். தவறே செய்யாதா?
(மாமியார், ஆவுடையார்கோவில்)

ப: செய்யும். 2018-ல் இந்தியாவுக்கு வந்த மக்காச்சோளப் படைப்புழுவின் தாய், சுவர், கம்பி என்று கண்ட இடத்திலும் ஒட்டிவைப்பதுண்டு. பொரிந்த புழு நூல் விட்டுக் காற்றில் மிதந்து சோறு தேட வேண்டியதுதான். மருமகளுக்கு இந்தப் பதிலைப் படித்துக் காட்ட வேண்டாம்.

கே: உலகத்திலேயே மோசமான இடத்தில் முட்டையிடும் பூச்சி எது?
(பொது அறிவு, திருமயம்)

ப: பறக்கத் தெரியாதவள். ஐரோப்பிய ஜிப்சி அந்துப்பூச்சியின் பெண்ணுக்கு இறக்கை உண்டு, பறக்க வராது. கூட்டைவிட்டு வெளிவந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஐந்நூறு, ஆயிரமாக ரோமம் போர்த்தி ஒட்டிவிடுவாள். அது மரமாக இருக்கலாம், கார் சக்கரமாக, முற்றத்து நாற்காலியாகவும் இருக்கலாம். அவளுக்குப் பதில் காரும் நாற்காலியும் ஊர் ஊராகப் போய்ச் சேர்க்கும்.

அமெரிக்காவுக்கு இதைக் கொண்டுபோனவர் ட்ரூவெலோ என்ற பிரெஞ்சு ஓவியர். 1860களின் கடைசியில் மாசசூசெட்ஸ் மாநிலம் மெட்போர்டில், பட்டு எடுக்கலாம் என்று வளர்த்தார். சில தப்பின. 1890-ல் அந்த மாநிலம் பணத்தைக் கொட்டித் துரத்தத் தொடங்கியது, பூச்சி இன்னும் ஒழியவில்லை. அவர் என்ன ஆனார்? பூச்சியை விட்டுவிட்டு வானவியலுக்குப் போய், கோள்களை அழகழகாக வரைந்து பேர் வாங்கினார். நிலாவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர். நம்மூரில் ரோட்டுப் பள்ளத்துக்குக்கூட யார் பெயரும் வைப்பதில்லை, கான்ட்ராக்டர்கள் அவ்வளவு அடக்கமானவர்கள்.

கே: கடைசியாக ஒன்று. தேக்குப் புழுவால் மனுசனுக்கு ஒரு பிரயோசனமும் கிடையாதா?
(நல்லதே நினைப்பவர், ஆதனக்கோட்டை)

ப: உண்டு. இந்தோனேசியாவில் ஜாவாத் தீவில் தேக்கு மொட்டையாகும் பருவத்தில் ஜனங்கள் தோட்டத்துக்குள் போய், உதிர்ந்த சருகுக்கு அடியில் கிடக்கும் கூட்டுப்புழுவைப் பொறுக்கி வந்து, மசாலா போட்டு வறுத்துத் தின்கிறார்கள். புரதம் ஜாஸ்தியாம். உங்கள் ஊர் ரோட்டோரம் சுடச்சுட வறுத்த முந்திரி கிடைக்கிறவரை நான் அந்தப் பக்கம் போவதாக இல்லை. வரும்போது கால் கிலோ எடுத்து வாருங்கள், உடைசல் வேண்டாம்.